மேலே ஒருத்தன் இருக்கான்: பகுத்தறிவுச் சமயமும் பழவேற்காட்டுக் கரையும்

1630களில் பழவேற்காட்டில் இரண்டு பேர் போர்த்துகீசிய மொழியில் கடவுளைப் பற்றிப் பேசினார்கள். இருவருக்கும் அது தாய்மொழி இல்லை. ஒருவர் ஆபிரகாம் ரொகேரியஸ். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கெல்டிரியா கோட்டைக்கு 1632இல் வந்து சேர்ந்த பாதிரியார். மற்றவர் பத்மநாபன், டச்சுக்காரர்களிடம் அடைக்கலம் புகுந்திருந்த பிராமணர். பாதிரியாருக்குச் சமஸ்கிருதம் தெரியாது, பிராமணருக்கு டச்சு தெரியாது. முன்னால் வந்த பறங்கியர் இந்தக் கரையெங்கும் விட்டுச்சென்ற கடைத்தெரு மொழியைப் பிடித்துக்கொண்டு பரம்பொருளைப் பற்றிப் பேசினார்கள்.

பத்து ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டு ரொகேரியஸ் படேவியா போனார். பிறகு ஹாலந்து திரும்பி 1649இல் இறந்தார். அவர் எழுதிவைத்ததை அவருடைய மனைவி 1651இல் லைடன் நகரில் அச்சுக்குக் கொண்டுவந்தார். மறைந்து கிடக்கும் புறச்சமயத்துக்குள் நுழைய ஒரு திறந்த கதவு என்பது தலைப்பின் பொருள். பிராமணர்களின் வாழ்க்கைமுறை ஒரு பாகம், நம்பிக்கையும் வழிபாடும் இன்னொரு பாகம். கடைசியில் பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியப் பாடல்கள் பத்மநாபன் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வடிவில் இடம்பெற்றன. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சானது அப்போதுதான் முதல்முறை. நம் பொன்னேரி வட்டத்துக் கடலோர ஊரில் நடந்த காரியம் இது. அந்த ஊருக்குப் போகிறவர்கள் இன்று நண்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்த ஐரோப்பாவில் ஒரு கேள்வி எரிந்துகொண்டிருந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் முப்பது வருஷம் வெட்டிக்கொண்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தார்கள். இருவர் கையிலும் ஒரே வேதநூல். அப்படியானால் வேதநூல் சண்டையைத் தீர்க்காது. நூலும் வேண்டாம், தூதனும் வேண்டாம், மனிதனுக்கு இயல்பாக வாய்த்த அறிவைக் கொண்டே கடவுளைக் கண்டுகொள்ள முடியுமா? முடியும், அதுவே போதும் என்று சொன்னவர்கள்தான் பின்னாளில் டீயிஸ்டுகள் எனப்பட்டார்கள். அவர்களுடைய கொள்கை டீயிசம்.

இதற்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. இயற்கைச் சமயம், பகுத்தறிவுச் சமயம் என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். எதுவும் வாயில் ஒட்டவில்லை. ஆத்திகம் இருக்கிறது, நாத்திகம் இருக்கிறது. கடவுள் உண்டு, ஆனால் அவர் அற்புதம் செய்யமாட்டார், வரம் தரமாட்டார், யாருக்கும் தனியாக வேதம் சொல்லியனுப்பவும் மாட்டார் என்கிற ஆளை நாம் எந்தப் பெயரால் அழைப்பது? சொல் இல்லாததற்குக் காரணம் மொழியின் குறையா, அல்லது அப்படியொரு ஆள் நம்மிடையே அதிக நாள் தங்கவில்லையா? இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது சந்தேகத்தைப் பின்தொடர்கிறது.

டீயிசத்தின் தந்தை என்று செர்பரி பிரபு ஹெர்பர்ட்டைச் சொல்வது வழக்கம். பாரிசில் ஆங்கிலேயத் தூதராக இருந்தவர். உண்மையைப் பற்றிய தம் நூலை 1624இல் அங்கேயே வெளியிட்டார். ஐந்து விஷயங்களை அவர் எடுத்துவைத்தார். கடவுள் ஒருவர் உண்டு. அவரை வணங்க வேண்டும். ஒழுக்கமே வணக்கத்தின் முக்கியமான பகுதி. செய்த தவறுக்கு வருந்த வேண்டும். நன்மைக்கும் தீமைக்கும் இங்கேயும் மறுமையிலும் பலன் உண்டு. இவ்வளவுதான். இந்த ஐந்தும் எல்லா மக்களிடமும் எல்லாக் காலத்திலும் இருக்கின்றன, மீதியெல்லாம் பூசாரிகள் பின்னால் சேர்த்த சரக்கு என்றார். அவருக்குப் பின் ஜான் டோலண்ட் 1696இலும் மாத்யூ டிண்டல் 1730இலும் இந்த வாதத்தைக் கூர்தீட்டினார்கள். பிரான்சில் வால்டேர், அமெரிக்காவில் தாமஸ் பெய்ன் என்று அது பெரிய குடும்பமானது.

டீயிசம் என்றதும் பாடப்புத்தகங்கள் கடிகாரத்தை நீட்டும். கடவுள் கடிகாரம் செய்தவர், சாவி கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டார், அது தானாக ஓடுகிறது என்று. எனக்கென்னவோ இந்தக் கொள்கையின் உயிர் கடிகாரத்தில் இல்லை என்றே படுகிறது. டிண்டல் போன்றவர்களைக் குடைந்த கேள்வி வேறு: கடவுள் நியாயமானவர் என்றால், மனிதன் கரையேற அவசியமான உண்மையை ஒரு மூலையில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு, மற்ற கோடிக்கணக்கானவர்களை இருட்டில் விடுவாரா? விட்டால் அது ஓரவஞ்சனை. ஆகவே உண்மை எல்லாருக்கும் எட்டும் இடத்தில், அதாவது அறிவில்தான் இருக்க வேண்டும். இந்த வாதத்தில் ஒரு நியாய உணர்ச்சி இருக்கிறது. தந்தை சொத்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் எழுதிவைத்தால் மற்ற பிள்ளைகளுக்கு வருமே, அந்தக் கோபம்.

கடிகாரத்தையும் சும்மா விட வேண்டாம். ஊசல் கடிகாரத்தை ஹாலந்துக்காரரான ஹைகன்ஸ் 1656இல் செய்தார். அதே நூற்றாண்டில் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு வாசல் கட்டினார்கள். இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகள் செதுக்கி நிற்கின்றன. அவற்றோடு ஒரு மணற்கடிகையும் உண்டு. மணற்கடிகை தானாக ஓடாது. மணல் தீர்ந்ததும் யாராவது கவிழ்த்து வைக்க வேண்டும். உலகம் இந்த இரண்டில் எந்த மாதிரி என்பதில் நியூட்டனுக்கும் லைப்னிட்சுக்குமே தகராறு. கோள்களின் ஓட்டத்தைக் கடவுள் அவ்வப்போது சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நியூட்டன் நினைத்தார். தான் செய்த கடிகாரத்தைத் தானே பழுதுபார்த்துக்கொண்டிருப்பவன் என்ன கைவினைஞன் என்று லைப்னிட்ஸ் கேலி செய்தார்.

இப்போது ஹெர்பர்ட்டின் வாக்கியத்துக்குத் திரும்புவோம். எல்லா மக்களிடமும் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதற்குச் சாட்சி வேண்டும். ஏழு கடலுக்கு அப்பால் விவிலியத்தையே கேள்விப்படாத மக்கள் ஒரே கடவுளை அறிந்திருக்கிறார்கள் என்று யாராவது பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். பழவேற்காட்டுப் புத்தகம் அப்படியொரு சாட்சியானது. இம்மக்கள் பல தேவதைகளை வணங்கினாலும் எல்லாவற்றுக்கும் மேலே ஒருவரை ஒப்புக்கொள்கிறார்கள், சிலர் அவரை விஷ்ணு என்கிறார்கள், சிலர் ஈஸ்வரன் என்கிறார்கள் என்று ரொகேரியஸ் எழுதியிருந்தார். 1663இல் ஜெர்மனிலும் 1670இல் பிரெஞ்சிலும் புத்தகம் வந்தது. 1723இலிருந்து ஆம்ஸ்டர்டாமில் பெர்னாரும் பிக்காரும் உலகத்துச் சமயச் சடங்குகளையெல்லாம் படங்களோடு பெரிய பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள். எல்லாச் சமயங்களையும் ஒரே மேசையில் பரப்பிவைத்துப் பார்க்க ஐரோப்பிய வாசகனைப் பழக்கிய தொகுதிகள் அவை. அவற்றில் பிராமணர்களைப் பற்றிய பகுதி ரொகேரியசிடமிருந்து எடுத்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரொகேரியஸ் கண்டிப்பான கால்வினியப் பாதிரி. மனிதனுக்கு இயல்பாகவே கடவுளைப் பற்றிய உணர்வு உண்டு என்பது அவர் சபையும் சொல்வதுதான். ஆனால் எதற்காகச் சொல்கிறது? தெரியாது என்று தப்பிக்க முடியாது, தெரிந்தும் சிலையை வணங்கினாய், உனக்கு மன்னிப்பில்லை என்று குற்றம்சாட்டுவதற்காக. டீயிஸ்டுகள் அதே சாட்சியத்தை வாங்கி, இவர்களுக்கு இயல்பாகவே தெரிந்திருக்கிறது, அப்புறம் உங்கள் சபை எதற்கு என்று திருப்பி அடித்தார்கள். ஒரே சாட்சி, வாதியும் அழைத்தார், பிரதிவாதியும் அழைத்தார்.

சாட்சி சொன்னது யார் என்பதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டைச் சுவருக்கு வெளியே பட்டினவர் என்ற மீனவர்களின் குப்பங்கள் இருந்தன, நெசவாளர்கள் இருந்தார்கள், முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் இதே துறையிலிருந்து கம்பெனிக் கப்பல்கள் துணி மூட்டைகளோடு அடிமைகளையும் ஏற்றிப் போயின. வெடிமருந்து ஆலையும் இங்கே ஓடியது. இவ்வளவு பேருக்கு நடுவில் இந்த மக்களின் நம்பிக்கை என்ன என்ற கேள்வி முக்கியமாகப் போனது பிராமணர்களிடம்தான். எல்லாருக்கும் பொதுவான அறிவு என்ற கொள்கைக்கு ஒரு தெருவின் வாக்குமூலம் போதுமானதாக இருந்தது.

பிராமணரைக் கேட்டாவது எழுதியவர் ரொகேரியஸ். அடுத்த நூற்றாண்டில் வந்த சாட்சியோ பொய்ச்சாட்சி. 1760இல் வால்டேர் கைக்கு இந்தியாவிலிருந்து ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. பெயர் எசூர்வேதம். இங்கே பணியாற்றிய மொதாவ் என்ற பிரெஞ்சு அதிகாரி கொண்டுவந்து கொடுத்தார். வியாசரும் சுமந்துவும் உரையாடுகிறார்கள். வியாசர் புராணக் கதைகளைச் சொல்லச் சொல்ல, சுமந்து அவற்றை மறுத்து ஒரே கடவுளை நிலைநாட்டுகிறார். வால்டேருக்கு வாழைப்பழம் உரித்து வாயில் வைத்தது போலாயிற்று. அலெக்சாந்தருக்கும் முந்தைய நூல், மோசேக்கு முன்னாலேயே கங்கைக்கரையில் தூய பகுத்தறிவுச் சமயம் இருந்ததற்கு ஆதாரம் என்று கொண்டாடினார். 1761இல் அரசரின் நூலகத்துக்கு அதை அன்பளிப்பாகக் கொடுத்தார். 1778இல் அது அச்சானது. அந்த ஆண்டே அவர் இறந்தும் போனார். நான்கே வருஷத்தில் சொன்னேரா என்ற பயணி, இது வேதமே இல்லை, பாதிரிமார் கைவேலை என்று எழுதிவிட்டார்.

கதையை முடித்துவைத்தவர் நமக்குத் தெரிந்தவர்: திருக்குறளுக்கு உரையெழுதிய, எல்லீசன் என்று தமிழ்ப்புலவர்கள் கூப்பிட்ட சென்னைக் கலெக்டர் எல்லிஸ். புதுச்சேரியில் இயேசு சபையினர் வைத்திருந்த ஏடுகளுக்குள் இப்படிப் பல போலி வேதங்கள் கிடப்பதை அவர் பார்த்தார். அதைப் பற்றிய கட்டுரை அவர் இறந்த பிறகு 1822இல் வெளியாயிற்று. இந்துக்களின் பல தெய்வ வழிபாட்டை இந்து முனிவர் வாயாலேயே மறுக்கவைத்து, பிறகு கிறிஸ்தவத்துக்கு இட்டுச்செல்லப் பாதிரிமார் செய்த தந்திரம் அது. பாதிரிகளை ஆயுள் முழுக்க வறுத்தெடுத்த வால்டேர், பாதிரிகள் எழுதியதைக் கடவுளின் ஆதிப் பகுத்தறிவு என்று கும்பிட்டார். பகுத்தறிவுக்கு ஆசை கண்ணை மறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

இதற்கு நடுவில் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்கு மட்டும் சற்று விலகி நிற்கிறார். அவர் தமிழே கற்றுக்கொண்டு, ஏடுகளைச் சேகரித்து, உலகநீதியையும் கொன்றைவேந்தனையும் ஜெர்மனில் பெயர்த்தார். சிவவாக்கியரைப் படித்துவிட்டு, இவர்களுக்குள்ளேயே சிலையை மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதினார். ஊர்த் தேவதைகளையும் விடாமல் பட்டியலிட்டார். அவரை அனுப்பிய மேலிடம் ரசிக்கவில்லை, புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் எண்ணம். 1713இல் அவர் முடித்த தெய்வப் பரம்பரை நூல் சென்னையில் அச்சாக 1867 வரை காத்திருந்தது.

சரி, குப்பத்தைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? நானூறு வருஷத்துக்கு முந்தைய பதிலை நான் கற்பனை செய்யப் போவதில்லை. இன்றைக்கு ஏரிக்கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் எந்தப் பெரியவரிடமும் கடவுளைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். "மேல ஒருத்தன் இருக்கான், அவன் பாத்துக்குவான்" என்பார். தமிழ்நாடு முழுக்கப் புழங்கும் வாக்கியம்தான். அதை இரண்டாக வெட்டிப் பார்க்க வேண்டும். மேலே ஒருத்தன் இருக்கிறான் என்பதில் பெயர் இல்லை, உருவம் இல்லை, சமயம் இல்லை. முஸ்லிமும் சொல்வார், மகிமை மாதா கோயிலுக்குப் போகிறவரும் சொல்வார். ஹெர்பர்ட் கேட்டால் துள்ளிக் குதித்திருப்பார். ஆனால் வாக்கியம் அங்கே நிற்பதில்லை. "பாத்துக்குவான்" என்று முடிகிறது. அந்த ஒரு சொல்லில் டீயிசம் கவிழ்ந்துவிடுகிறது. பார்த்துக்கொள்ளாத கடவுளுக்காக அந்த வாக்கியத்தை யாரும் சொல்ல ஆரம்பிப்பதேயில்லை.

அதோடு மேலே இருக்கிறவர் தனியாகவும் இல்லை. கரையில் கங்கையம்மன், எல்லையம்மன் இருக்கிறார்கள். காய்ச்சல், கடன், இஞ்சின் கோளாறு போன்ற அன்றாட விவகாரங்கள் அம்மனிடம்தான் போகும். மேலே இருக்கிறவன் தலைமைச் செயலகம் என்றால் அம்மன் தாலுகா ஆபீஸ். உவமை விளையாட்டுக்குச் சொன்னதில்லை. விருத்தாசலம் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டுகிறார்கள். முறையாக மனு கொடுப்பது போலத்தான். டீயிசக் கடவுளிடம் சட்டம் இருக்கிறது, மனு வாங்கும் ஜன்னல் இல்லை. தமிழர்களுக்கு ஜன்னல் இல்லாத ஆபீஸ் மேல் மரியாதை வருவது கஷ்டம்.

இது பாமர நம்பிக்கை, தத்துவம் வேறு என்று யாராவது சொல்லலாம். தத்துவமும் இதே பக்கம்தான் நிற்கிறது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதற்கு ஒரு கர்த்தா வேண்டும் என்று காரியத்திலிருந்து காரணத்தை ஊகிக்கும் வாதத்தோடுதான் மெய்கண்டாரின் சிவஞானபோதம் தொடங்குகிறது. நியாய தரிசனத்தாரான நையாயிகர்கள் அதற்கு முன்பே அந்த ஊகத்தை உரசி உரசிப் பார்த்திருந்தார்கள். அறிவைக் கொண்டு கடவுளை நிறுவுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் சைவ சித்தாந்தம் இறைவனுக்கு ஐந்து தொழில் கொடுத்துவிட்டது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். டீயிசக் கடவுள் முதல் தொழிலோடு பணிஓய்வு பெற்றவர். நான்காவதைக் கவனிக்க வேண்டும். கடவுள் கண்ணுக்குத் தெரியவில்லையே, எதிலும் தலையிடுவதாகக் காணோமே என்று ஐரோப்பியர் கேட்ட கேள்விக்குச் சித்தாந்தி பதில் வைத்திருக்கிறார்: மறைந்திருப்பதும் அவர் செய்யும் வேலைதான், உயிர் பக்குவப்படுவதற்காக. இந்தப் பதிலை ஏற்பதும் ஏற்காததும் வேறு. அது இருந்ததால் டீயிசம் நுழைய வேண்டிய சந்து அடைபட்டுவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு, அது ஏரியைப் பார்த்தால்தான் புரியும். டீயிசம் வானத்தைப் பார்த்துப் பிறந்த சமயம். கோள்கள் நேரம் தவறுவதில்லை. பழவேற்காடு ஏரி அப்படியில்லை. நாட்டிலேயே சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. தெற்கு வடக்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர், பெரும்பகுதி ஆந்திராவில். சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடல்நீர் முகத்துவாரம் வழியாக வர வேண்டும். அமாவாசை, பௌர்ணமிக்கு நீர் ஏறுவதும் வற்றுவதும் கணக்குத்தான், அதுவரை கடிகாரம். ஆனால் அந்த நீர் நுழையும் வாயை மணல் மூடிவிடும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் உடைத்துத் திறக்கும். வெயில் காலத்தில் தூர்ந்துபோகும். திறக்கும் இடமும் நகர்ந்துகொண்டிருக்கும். வாய் மூடினால் ஏரியில் உப்பு ஏறும், இறால் குஞ்சு உள்ளே வராது, கடலுக்குப் போகும் படகு தரைதட்டும். கையால் வெட்டியும் இயந்திரம் வைத்து வாரியும் திறந்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்கு மனுமேல் மனு போட்டிருக்கிறார்கள். ஹைகன்சின் கடிகாரமல்ல இது, மணற்கடிகை. கவிழ்த்து வைக்க ஆள் வேண்டும். இந்தக் கரையில் ஒருவர் கடவுளை நினைத்தால், சாவி கொடுத்துவிட்டுப் போனவராக எப்படி நினைப்பார்?

ஆனால் டீயிசத்தின் மையத்தில் இருந்தது நியாய உணர்ச்சி என்று சொன்னேன் அல்லவா, அது இங்கே வேறு வடிவில் இருக்கிறது. பெயர் பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளில் நீரோட்டத்தை மறித்துக் கழி நட்டு சுத்து வலை கட்டுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் விழாது. நல்ல இடத்தை வலுத்தவன் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைக்கட்டு உரிமை உள்ளவர்களுக்குள் சீட்டுப் போட்டு இடத்தைப் பிரித்து, முறைவைத்து மாற்றிக்கொள்வது வழக்கம். இன்று நல்ல இடம் வாய்த்தவருக்கு நாளைக்கு மட்டமான இடம் வரும். பாடு என்ற சொல்லையே பாருங்கள்: முறையும் பாடு, பிடிபட்ட மீனும் பாடு, படுகிற கஷ்டமும் பாடு.

சீட்டு என்பது விசித்திரமான கருவி. அதில் கடவுள் சித்தம் தெரிகிறது என்று நம்புகிறவனும் எடுக்கலாம், வெறும் தற்செயல் என்று நினைக்கிறவனும் எடுக்கலாம். இருவருக்கும் பலன் ஒன்றுதான். யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. டீயிஸ்டுகள் கனவு கண்ட பொது நியாயம் இதுதான். யாருக்கும் தனிச்சலுகை கிடையாது, விதி எல்லாருக்கும் பொது. ஆனால் எந்த எல்லாருக்கும்? பாடு உரிமை பட்டினவர் குடும்பங்களுக்கு மட்டும். ஏரியையே நம்பியிருக்கும் மற்ற சாதி ஊர்களுக்கு அந்தச் சீட்டுக் குடத்தில் பெயரில்லை. அதனால் மோதல்களும் நடந்திருக்கின்றன. உள்ளே இருப்பவர்களுக்கு அப்பழுக்கில்லாத நியாயம், வேலிக்கு வெளியே நிற்பவருக்கு வெறும் வேலி. பொது அறிவு என்று முழங்கிவிட்டு ஒரு தெருவை மட்டும் விசாரித்த ஐரோப்பியர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தியாவில் டீயிசத்தை உண்மையாகவே கையில் எடுத்தவர் ராம்மோகன் ராய். 1803-04இல் பாரசீகத்தில் அவர் எழுதிய சிறுநூல், ஒரு பரம்பொருளை நம்புவது எல்லா மக்களுக்கும் பொது, வேறுபாடுகள் வளர்ப்பாலும் பழக்கத்தாலும் வந்தவை, அற்புதங்களை நம்பாதே என்கிறது. ஹெர்பர்ட்டைப் படித்துத்தான் எழுதினார் என்று சொல்வதற்கில்லை. அரபு, பாரசீகக் கல்வியின் தர்க்க மரபே அங்கே கொண்டுபோய்விட்டது. ஆனால் 1828இல் அவர் பிரம்ம சபையைத் தொடங்கியபோது வெறும் அறிவு போதவில்லை. உபநிடதம் துணைக்கு வந்தது, பாட்டு வந்தது.

சென்னைக்கு அது 1864இல் வேத சமாஜமாக வந்தது; 1871இல் தென்னிந்திய பிரம்ம சமாஜம் ஆனது. தத்துவபோதினி என்று தமிழில் பத்திரிகையும் நடத்தினார்கள். ஸ்ரீதரலு நாயுடு அதற்காக அலைந்து உழைத்து 1874இல் காலமானார். உறுப்பினர் ஏற்ற உறுதிமொழியில் ஒரு விஷயம் என்னை எப்போதும் சிரிக்கவைக்கும். கல்யாணச் சடங்கையும் கருமாதியையும் சமயப் பொருள் ஏதுமில்லாத பழக்கமாக மட்டும் கருதுவேன் என்பதும் அதில் உண்டு. ஐயர் வருவார், மந்திரம் சொல்வார், உள்ளே மட்டும் நம்பமாட்டேன். வக்கீல்களும் குமாஸ்தாக்களும் இருந்த சபைக்கு இது சௌகரியம். குப்பத்தில் இதைப் போய்ச் சொன்னால், நம்பாவிட்டால் எதற்குச் செய்கிறாய் என்று கேட்டிருப்பார்கள்.

அதே பத்தாண்டுகளில் வடலூரில் ராமலிங்கர் சாதி, சமயம், சடங்கு எல்லாவற்றையும் உதறினார். 1872இல் அவர் திறந்த சத்திய ஞான சபையில் சிலை இல்லை. ஏழு திரைகளுக்குப் பின்னால் சோதி. டீயிசத்தின் தமிழ் உறவுக்காரர் என்று தூரத்திலிருந்து தோன்றும். கிட்டே போனால் இல்லை. இறந்தவர் எழுவார் என்று எதிர்பார்த்தவர், பசித்தவனைக் கண்டு தாம் வாடியவர், தள்ளி நிற்கும் கடவுளைச் சகித்திருக்கமாட்டார். இன்னொரு பக்கம் 1882இலிருந்து தத்துவ விவேசினி நடத்திய சென்னை இலௌகிக சங்கத்தார் நடுவழியில் நிற்காமல் நாத்திகத்துக்கே போனார்கள். அடுத்த நூற்றாண்டில் பெரியார் வந்ததும் பகுத்தறிவு என்ற சொல்லே அந்தப் பக்கத்துக்குப் பட்டாவாகிவிட்டது. இதற்கு ஓர் உதாரணம்: பிரெஞ்சுப் பாதிரி மெஸ்லியர் நாத்திகராக இறந்தவர். அவருடைய மரண சாசனத்தை 1762இல் வெளியிட்ட வால்டேர், நறுக்கித் தைத்து அவரை டீயிஸ்டாக்கிவிட்டார். மெஸ்லியர் பெயரில் வந்த மரண சாசனத்தைக் பெரியாரின் குடிஅரசுக் குழுவினர் தமிழில் போட்டபோது அவர் மறுபடி நாத்திகரானார். ஐரோப்பாவில் நடுவீடு கட்டிக் கொடுத்தவர்களுக்கு இங்கே மனையே கிடைக்கவில்லை.

ஐரோப்பாவிலும் அந்த வீடு நெடுநாள் நிற்கவில்லை. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள் காலையில், சனம் தேவாலயங்களில் இருந்த நேரத்தில் லிஸ்பன் குலுங்கியது; பிறகு கடல் ஏறியது. எல்லாம் நன்மைக்கே என்ற நம்பிக்கையை வால்டேரால் அதன்பின் சகிக்க முடியவில்லை. கவிதை எழுதினார், 1759இல் 'கான்டீடு' எழுதினார். பட்லர் என்ற பேராயர் முன்பே, 1736இல், கேட்டிருந்தார்: வேதநூல் புதிராக இருக்கிறது என்று விட்டீர்கள், இயற்கை மட்டும் என்ன தெளிவாகவா இருக்கிறது? 1779இல் வெளிவந்த ஹ்யூமின் உரையாடல்கள் மிச்சத்தையும் உலுக்கின.

நமக்கு அந்தக் காலை 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் யாத்ரீகர்கள் கரையில் இருந்தார்கள். சுனாமியில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போனார்கள். பழவேற்காட்டுக் குப்பங்களிலும் அலை புகுந்தது, நாகப்பட்டினம் அளவுக்குச் சேதமில்லை. அம்மன் கோபம் என்றவர்கள் உண்டு, கடல் தாய் இப்படிச் செய்யமாட்டாள் என்று அழுதவர்களும் உண்டு. சுமத்ராவுக்குப் பக்கத்தில் பூமித்தட்டு நழுவியது, அதற்கு யார்மேலும் கோபமில்லை என்று டீயிஸ்டு சொல்வார். அதுதான் உண்மை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு, கோபமே இல்லாத ஒன்று தன் பிள்ளையைக் கொண்டுபோயிற்று என்பது இன்னும் கொடுமையாகப் பட்டால் அதை அறியாமை என்று தள்ள என்னால் முடியாது. அதே டிசம்பரில், அலைக்குச் சில நாட்கள் முன்னால்தான், ஆயுள் முழுக்க நாத்திகம் பேசிய ஆங்கிலேயத் தத்துவர் ஆன்டனி ஃப்ளூ, 81 வயதில், டீயிசக் கடவுள் போன்ற ஒருவரை ஒப்புக்கொள்வதாகச் செய்தி வந்திருந்தது. உலகத்தின் அமைப்பைப் பார்த்து அப்படித் தோன்றியது என்றார்.

ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டா. 1971 அக்டோபர் 9இல் ரோகிணி-125 ராக்கெட் கிளம்பியதிலிருந்து நியூட்டன் விதிகளின் மேல் முழு நம்பிக்கை வைத்து இயங்கும் தீவு. அங்கே ஒவ்வொரு பெரிய ஏவுதலுக்கு முன்னாலும் ராக்கெட்டின் சின்ன மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் பெருமாள் காலடியில் வைக்கிறார்கள். சூளூர்பேட்டை செங்காளம்மனையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பகுத்தறிவாளர் நண்பர்கள் இதைக் கேட்டால் கொதிப்பார்கள். நான் கொதிப்பதில்லை, ஆனால் குறித்துக்கொள்கிறேன்: கடிகாரத்தைச் செய்தவர்களே அதைத் தனியாக விட மனசில்லாமல் இருக்கிறார்கள்.

நான் பார்த்த ஓர் ஏவுதல் நாளில் கடல் பக்கம் படகுகள் இறங்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கட்டுமரமும் பைபர் படகும் மணலில் வரிசையாகக் கிடந்தன. பையன்கள் செல்போனை உயரத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஏரிப் பக்கத்து ஆழமில்லாத நீரில் நான்கைந்து இருளர் பெண்கள் முட்டிபோட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை கிடையாது, பாடு கிடையாது. இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்து, பனையோலைப் பறியில் போடுவார்கள். கை இரண்டுக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வடக்கே வெளிச்சம் கிளம்பி, புகை வளைந்து, சற்றுப் பிந்தி சத்தம் தண்ணீர்மேல் உருண்டு வந்தது. கரையில் கைதட்டினார்கள். கிட்டத்தில் இருந்த பெண் தலையைத் தூக்கி ஒருதரம் பார்த்தாள். என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். வாயில் பறி இருந்தது. மறுபடி குனிந்து சேற்றில் கைவைத்தாள்.